பாறைக் கடற்கரையில் கேமராவுடன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பொங்கல் விடுமுறைக்குக் குமரி மாவட்டக் கடற்கரைக்குச் சென்று நிலக்காட்சிப் படங்கள் எடுக்க விரும்புவதாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் காரில் புறப்படுகிறோம். வட்டக்கோட்டை, கன்னியாகுமரி, சொத்தவிளை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய ஆறு இடங்களையும் மூன்று நாளில் படம் பிடிக்கத் திட்டமிட்டுள்ளோம். இது சரியாக வருமா? (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: சுற்றிப் பார்ப்பதற்குச் சரியாக வரும், படம் எடுப்பதற்கு வராது. நிலக்காட்சிக்கு உகந்த வெளிச்சம் விடியலை ஒட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரமும், அந்தியை ஒட்டி ஒரு மணி நேரமும்தான் கிடைக்கும். மூன்று நாளில் ஆறு வேளைகள் என்று கணக்கிட்டாலும், போய்ச் சேரும் நாளின் காலையும் திரும்பும் நாளின் மாலையும் கழிந்து நான்கு வேளைகளே மிஞ்சும். ஆறு இடங்களை அந்த நான்கு வேளைகளுக்குள் அடைத்தால், சில இடங்களை உச்சி வெயிலில்தான் பார்ப்பீர்கள். மற்ற இடங்களுக்கும் தலா ஒரு வாய்ப்புதான். அன்று அடிவானத்தில் மேகம் திரண்டு நின்றால் அந்த இடம் கைவிட்டுப் போயிற்று என்று பொருள்.

என் யோசனை இரண்டே இடங்கள்: காலை வேளைகளுக்குக் கன்னியாகுமரி, மாலை வேளைகளுக்கு முட்டம். தங்குவதற்கு நாகர்கோவில் வசதியானது. இரண்டு இடங்களுக்கும் அங்கிருந்து அதிக தூரமில்லை. சொத்தவிளை அழகான கடற்கரைதான், ஆனால் அது நீண்ட மணற்பரப்பு. நீங்கள் பாறையைத் தேடிப் போகிறீர்கள் என்பதால் முட்டத்துக்கே முதலிடம் கொடுங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடும், அதன்மேல் கலங்கரை விளக்கமும், கீழே சரிந்து இறங்கும் கரும்பாறைகளும், பக்கத்தில் மணற்கரையும் அங்கே நடக்கும் தூரத்துக்குள் அமைந்திருக்கின்றன. ஒரே நிலத்தைப் பல கோணங்களில் எடுக்க இதைவிட நல்ல இடம் நம் மாநிலக் கடற்கரையில் அரிது என்பது என் கருத்து.

முதல் நாள் மாலை அங்கே போனதும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். எந்தப் பாறையின் விளிம்பில் அலை உடைகிறது, எந்த இடுக்கில் தண்ணீர் ஏறி வழிந்து இறங்குகிறது, பொழுது சாயும்போது எந்தப் பாறையின் முகத்தில் வெளிச்சம் படுகிறது என்பதைக் கவனித்து வையுங்கள். இரண்டாம் நாள் மாலை அதே இடத்துக்குத் திரும்பும்போது எங்கே நிற்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நல்ல படம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வருகையில்தான் கிடைக்கிறது. ஆறு இடத்துத் திட்டத்தில் இரண்டாம் வருகைக்கே இடமில்லை.

கேள்வி: நான் ஆசிரியை. எனக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில்தான். பொங்கல் சமயத்தில் போவதற்கும் மே மாதத்தில் போவதற்கும் பெரிய வேறுபாடு உண்டா, ஐயா? (வாசகி, பாப்பாரப்பட்டி)

பதில்: நிறையவே உண்டு, அம்மா. முதலாவது, சூரியன் உதிக்கும் திசை. பொங்கல் சமயத்தில் அங்கே சூரியன் நேர் கிழக்கிலிருந்து சுமார் 21 பாகை தெற்கே தள்ளி உதித்து, அதே அளவு தெற்கே தள்ளி மேற்கில் மறைகிறது. தெற்கு முழுவதும் கடலாக இருக்கும் கன்னியாகுமரியில் இதனால் உதயமும் அத்தமனமும் கடலின்மேலேயே அமைகின்றன. மே மாதத்திலோ சூரியன் வடக்கே நகர்ந்துவிடுகிறது. கன்னியாகுமரியிலிருந்து முட்டம் வரை கடற்கரை நேர் மேற்கே செல்லாமல் சற்று வடக்கே ஏறிச் செல்வதால், மே மாத அத்தமனம் கன்னியாகுமரியிலிருந்து பார்க்கும்போது நிலத்துக்குப் பின்னால் போய்விடும். முட்டத்துக்கு அந்தக் குறை இல்லை. அதற்கு அப்பால் கரை இன்னும் வடக்கே திரும்பிவிடுவதால், கோடையிலும் சூரியன் கடலில் இறங்குவதை அங்கிருந்து காணலாம்.

இரண்டாவது, வானமும் கடலும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் தை, மாசி மாதங்களில் வானம் தெளிவாகவும் கடல் ஓரளவு அமைதியாகவும் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கரை கொந்தளிக்கும். மேகங்கள் அற்புதமாக இருக்கும், ஆனால் பாறைக்குக் கீழே இறங்கவே கூடாது. மே மாதம் இரண்டுக்கும் நடுவில் உள்ளது. அந்த மாதத்துக்கென்று தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. அதை அரூர் வாசகருக்கான பதிலில் விளக்கியிருக்கிறேன். மே மாதத்தைத் தவிர வேறு வழியில்லை என்றால் முட்டத்து மேட்டின்மேல் நின்றபடியே எடுக்கும் படங்களுக்குத் திட்டமிடுங்கள்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கலை ஒட்டிய நாட்களில் அங்கே சூரியன் காலை 6.40 மணி அளவில் உதித்து மாலை 6.20 மணி அளவில் மறையும். வண்ணம் உதயத்துக்கு முன்பே தொடங்கிவிடுவதால் 5.45 மணிக்கெல்லாம் டிரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) நிலத்தில் ஊன்றியிருக்க வேண்டும். மாலையில் சூரியன் மறைந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அதன்பின் வரும் இருபது நிமிடத்தில்தான் கரும்பாறையின் ஈரத்தில் வானத்தின் நிறம் இறங்குகிறது. அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால் பெரிய சூரியன் எழும் படங்களைப் பார்க்கிறேன். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், ஓசூர்)

பதில்: வீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் போகும் நாளில் சூரியன் எந்தப் பாகையில் உதிக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். வடக்கைச் சுழியமாகக் கொண்டால் பொங்கல் சமயத்தில் அது ஏறக்குறைய 111 பாகை. வரைபடத்தில் சிலையின் மேல் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து நேர் எதிர்த்திசையில், அதாவது 291 பாகையில், ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு கரையைத் தொடும் இடத்தில் நின்றால் சூரியன் சிலைக்குப் பின்னால் எழும். சிலையின் தலையருகே சூரியன் வர வேண்டுமென்றால் அது சற்று உயரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் சூரியன் தெற்கே கொஞ்சம் நகர்ந்துவிடும் என்பதால் நீங்களும் சில அடிகள் வடக்கே நகர இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் பெரிதாகத் தெரிவது நீங்கள் எவ்வளவு தொலைவில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சூரிய வட்டம் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமே உடையது. நிற்கும் இடத்துக்கும் சிலைக்கும் இடையிலுள்ள தொலைவை 115-ஆல் வகுத்தால், சிலையின்மேல் சூரியன் எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பது கிடைத்துவிடும். அரை கிலோமீட்டரிலிருந்து எடுத்தால் நான்கு மீட்டர் சொச்சம். இரண்டு கிலோமீட்டரிலிருந்து எடுத்தால் பதினேழு மீட்டர். பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது சுமார் 41 மீட்டர் உயரமுள்ள சிலைக்குப் பக்கத்தில் இந்த இரண்டும் எவ்வளவு வேறுபட்ட படங்களாக இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். தொலைவுக்குப் போகப் போக லென்ஸும் நீளமாக வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு 400 மில்லிமீட்டராவது தேவை. சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டதால், அதற்கு முந்தைய படங்களை மாதிரியாக வைத்துக்கொண்டு சட்டகம் அமைக்காதீர்கள். உதித்துச் சிறிது நேரமானதும் சூரியனை லென்ஸ் வழியாகக் கண்ணால் பார்க்காமல் திரையில் மட்டும் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் மலையும் ஏரியும் பார்த்து வளர்ந்தவர்கள். கடலின் போக்கு தெரியாது. பாறையில் நிற்பது எவ்வளவு ஆபத்தானது? ஓதம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று எப்படி அறிவது? (வாசகர், அரூர்)

பதில்: வந்த கடிதங்களில் மிக அவசியமான கேள்வி இதுதான். ஓதம் பொதுவாக ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கூடுதலாக ஏறி இறங்கும். ஆனால் குமரிக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே அங்கே ஓத அட்டவணையைவிட அலையின் உயரத்தையும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரத்தையும் கவனிப்பதே முக்கியம். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இவ்விரண்டையும் நாள்தோறும் முன்கூட்டியே வெளியிடுகிறது. இடைவெளி பன்னிரண்டு விநாடிக்கு மேல் இருந்தால், அலை உயரம் குறைவாகக் காட்டினாலும் அது நெடுந்தொலைவிலிருந்து வரும் வலிமையான அலை என்று கொள்ளுங்கள்.

கோடையில் வரும் தனி ஆபத்து என்று சொன்னேனே, அதன் பெயர் கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. வானம் தெளிந்திருக்கும்போதே கடல் திடீரென்று பொங்கிக் கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே மாதத்தில் இதே மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். இன்காய்ஸ் எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் பாறைப் பக்கமே போகாதீர்கள். அன்றைய பயணச் செலவு வீணானாலும் பரவாயில்லை.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் பாறையைப் படித்துவிட்டே இறங்க வேண்டும். முட்டத்துப் பாறையை உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழாக மூன்று பட்டைகள் தெரியும். மேற்பட்டை வெளிறி, வெயிலில் காய்ந்து, கையால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். நடுப்பட்டை கறுத்து, அங்கங்கே சிறு குழிகளில் தேங்கிய நீர் வற்றி உப்புப் பூத்திருக்கும். அடிப்பட்டையில் பச்சைப்பாசி படர்ந்து, கூரான சிறு ஓட்டுயிர்கள் ஒட்டியிருக்கும். பச்சை என்றால் தண்ணீர் நாள்தோறும் வந்துபோகும் இடம். கால் வைத்த மறுகணம் வழுக்கும். கறுப்பு என்றால் பெரிய அலை எட்டும் இடம். உங்கள் கால்களும் டிரைபாடின் கால்களும் வெளிறிய பட்டையில்தான் இருக்க வேண்டும். நடுப்பட்டை காய்ந்திருக்கிறதே என்று இறங்குபவர்களைத்தான் கடல் இழுத்துக்கொள்கிறது. பெரிய அலைகள் விட்டுவிட்டு, பல நிமிட இடைவெளியில், மூன்று நான்காகச் சேர்ந்து வருபவை. அதனால் எந்த இடத்திலும் இருபது நிமிடமாவது நின்று கவனிக்காமல் இறங்கக் கூடாது. கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. ஒருவர் கேமராவைப் பார்க்கும்போது இன்னொருவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனவே தனியாகப் போகாதீர்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவர் யாரேனும் கரையில் இருந்தால், "அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி?" என்று கேட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பாறைமேல் அலை பால்போல வழிவதாக எடுக்க ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்? என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 18–55 லென்ஸும் உள்ளன. (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: உங்களிடம் இருப்பதே போதும், பணம் செலவழிப்பதானால் உறுதியான டிரைபாடுக்கும் உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்ட்டருக்கும் செலவழியுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 8-இலிருந்து 11-க்குள் வையுங்கள். எஃப் 22 வரை மூடினால் சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் கூர்மை குன்றும். அதற்குமேல் எல்லாம் ஷட்டரில்தான் இருக்கிறது.

அலை பாறையில் மோதித் தெறிக்கும் துளிகள் உறைந்து நிற்க வேண்டுமானால் விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோ தேவை. முப்பது விநாடி வைத்தால் கடல் மறைந்து பாறையைச் சுற்றிப் பனிமூட்டம் மட்டும் மிஞ்சும். பலரும் இதையே விரும்புகிறார்கள். எனக்கு முட்டத்தில் அது பிடிப்பதில்லை, ஏனென்றால் அந்தக் கடலின் வலிமையே படத்திலிருந்து போய்விடுகிறது. கால் விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை வைத்து, அலை மோதும் நொடியில் அல்லாமல் அது பின்வாங்கத் தொடங்கும் நொடியில் அழுத்திப் பாருங்கள். பாறையின் இடுக்குகள் வழியாக நுரை வெள்ளை இழைகளாக இறங்குவது தனித்தனியே பதிவாகும். தண்ணீர் எந்தத் திசையில் ஓடியது என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

வெளிச்சம் ஏறியபின் இந்த வேகத்துக்கு ஃபில்ட்டர் வேண்டும். ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்குவது; ஆறு ஸ்டாப் ஃபில்ட்டர் ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைப்பதால், அறுபதில் ஒரு விநாடி என்பது ஒரு விநாடியாக நீளும். பத்து ஸ்டாப் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. முப்பதில் ஒரு விநாடி அரை நிமிடத்துக்கு மேல் நீளும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆறு ஸ்டாப்பே உங்களுக்கு உதவும். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள்; வானம் வெளுத்துப்போகாதபடி ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை) பார்த்துக்கொண்டால், பாறையின் இருட்டைப் பிறகு மீட்டுவிடலாம்.

கேள்வி: என்னிடம் செல்போன் மட்டுமே உள்ளது. போவதற்குமுன் இங்கேயே பழகிக்கொள்ள வழி உண்டா? (கல்லூரி மாணவி, பென்னாகரம்)

பதில்: ஒகேனக்கலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. கரும்பாறை, அதன்மேல் பாயும் வெண்ணீர், தெறிக்கும் திவலை என்று கடற்கரையில் உங்களுக்குத் தேவைப்படும் பயிற்சி முழுவதும் காவிரியில் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் பரவலாக உள்ள சார்னோக்கைட் என்னும் பழமையான பாறை வகை தருமபுரி மாவட்டத்திலும் உண்டு. ஆகவே ஈரமான கரும்பாறைக்கும் வெள்ளை நுரைக்கும் இடையே வெளிச்சத்தைச் சமன்செய்யும் சிக்கல் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். கேமராவைத் தன் போக்கில் விட்டால் அது பாறையைப் பார்த்து ஏமாந்து நுரையை வெளுக்கவைக்கும். போனில் நுரையின்மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். போனின் புரோ முறையில் ஷட்டரைக் கால் விநாடிக்கு வைத்து, சிறு டிரைபாடில் பொருத்தி, இரண்டு விநாடி டைமரில் எடுத்தால் கை நடுக்கம் படத்தில் சேராது. காலை ஏழு மணிக்கும் நண்பகலுக்கும் ஒரே பாறையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கர்நாடக அணைகளிலிருந்து நீர் திறக்கப்பட்டுப் பரிசலும் குளியலும் தடை செய்யப்படும் நாட்களில் ஆற்றங்கரைக்கே செல்லாதீர்கள். அடிவானத்தைக் கோணாமல் எடுப்பதற்குக் கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையின் நீர்ப்பரப்பு நல்ல பயிற்சிக்களம். பக்கவாட்டு வெளிச்சத்தில் பாறையின் முகம் எப்படி மாறுகிறது என்பதை இராயக்கோட்டைக் குன்று காட்டும்.

கேள்வி: உப்புக் காற்றிலிருந்து கேமராவைக் காப்பது எப்படி? (வாசகர், பாலக்கோடு)

பதில்: கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள், அறையிலேயே பொருத்திக்கொண்டு போங்கள். லென்ஸின் முன் சாதாரண கண்ணாடி ஃபில்ட்டர் ஒன்று இருக்கட்டும். அலைத்திவலை நிமிடத்துக்கு நிமிடம் அதில் படியும் என்பதால், துடைக்க மென்துணிகள் நான்கைந்து வேண்டும். உப்பு காய்ந்தபின் உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுத்துவிட்டுப் பிறகு உலர்துணியால் துடையுங்கள். டிரைபாடின் கால்களை அன்றிரவே இழுத்து நீட்டி நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் பூட்டுகள் இறுகிவிடும்.

கேள்வி: குடும்பத்தோடு போகிறோம். காரா, ரயிலா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: உங்கள் ஊரைக் கடந்து செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியில் போய் முடிகிறது, தூரம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லாததால் ரயிலுக்குத் தருமபுரிக்கோ ஓசூருக்கோ போக வேண்டும். பெங்களூரிலிருந்து அவ்வழியாக நாகர்கோவில் செல்லும் ரயிலின் நேரத்தைப் பார்த்து, பொங்கல் என்பதால் முன்பதிவை உடனே செய்துகொள்ளுங்கள். காரில் போவதானால் இரவு முழுவதும் ஓட்டிவிட்டு நேரே விடியற்காலைப் படத்துக்குப் போகாதீர்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு இருட்டில் ஈரப்பாறையில் நடப்பது கூடாது. வீட்டாருக்கும் நியாயம் செய்யுங்கள்: காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை உங்கள் கேமராவுக்கு வேலை இல்லை, அந்த நேரம் முழுவதும் அவர்களுக்கு உரியது.

கேள்வி: மீனவர்களையும் படகுகளையும் படம் எடுக்கலாமா? டிரோன் பறக்கவிடலாமா? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: கேட்டுவிட்டு எடுக்கலாம். முட்டமும் குளச்சலும் மக்கள் பிழைப்பு நடத்தும் ஊர்கள். மீன் இறங்கும் நேரத்தில் வழியில் டிரைபாடை நிறுத்தாதீர்கள், காய வைத்த வலையை மிதிக்காதீர்கள், ஏலம் போடும் பெண்களின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டாதீர்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். படம் நன்றாக அமைந்தால் அவர்கள் செல்போனுக்கு அங்கேயே அனுப்பிவிடுங்கள். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடப்பதை எடுக்க விரும்புபவர்கள் அப்போது போகலாம்.

வட்டக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; கையில் பிடித்து எடுப்பதற்குத் தடையில்லை, டிரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். டிரோனைப் பொறுத்தவரை, 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி டிரோன் பறக்கும் பகுதிகளைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த வண்ணத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்டு உறுதி செய்த பின்னரே எடுத்துச் செல்லுங்கள். கடலோரப் பாதுகாப்புக் கெடுபிடியும் கூடங்குளம் அணுமின் நிலையமும் உள்ள பகுதி அது. இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முட்டத்து மேட்டிலிருந்தே கடலை மேலிருந்து பார்க்கும் கோணம் கிடைத்துவிடும்.